வெறுமையான ஊரா, வெறுமையாக்கப்பட்ட ஊரா?

சைக்கிள் பயணக் காணொளிகளை நாங்கள் கனக்கப் பார்க்கிறோம். நைற் டேற்றா தொடங்கின பிறகு விடுதி அறையில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி இருந்து பார்ப்பது. எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். ஒரு ஹாண்டில், இரண்டு பக்கமும் பைகள், சரளைக்கல் பாதையில் சில்லு உருளும் சத்தம். பிறகு ஓர் ஆறு, ஒரு பழைய பாலம், மலையின் உச்சியில் கல்வீடுகள். ஓடுகிற ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லுவார்: "பாருங்கோ, இங்கே யாருமே இல்லை. எவ்வளவு அமைதி!"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது.

சைக்கிளுக்கு எதிரானது அல்ல என்பதை முதலே சொல்லிவிடுகிறோம். எரிபொருள் இல்லாமல், ஊர்களின் வேகத்தில், பார்க்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகக்கூடிய வாகனம் அது ஒன்றுதான். எங்கள் கேள்வி வேறு. "யாருமே இல்லை" என்று சந்தோசமாகச் சொல்லுகிறீர்களே, இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஸ்பெயினின் எப்ரோ ஆற்றை எடுத்துக்கொள்வோம். வடக்கே கந்தாப்ரியா மலையில் தொடங்கி, 900 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய கழிமுகத்தை உண்டாக்கி முடிகிற ஆறு. முழுக்க ஸ்பெயினுக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் நீளமானது. அதன் கரையோடு ஜிஆர் 99 என்ற நெடும்பாதை போகிறது. நடக்கலாம், பல இடங்களில் சைக்கிளிலும் போகலாம். அதன் கீழ்ப்பகுதியில், கற்றலோனியாவின் தெற்கில், தெர்ரா அல்தா என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்கேதான் சைக்கிள்காரர்கள் கொண்டாடுகிற ஒரு "பசும்பாதை" இருக்கிறது. ஆர்னெஸ் ஊர்ப்பக்கம் தொடங்கி, ஓர்தா, பொட், பினெல் டி பிராய் வழியாக இறங்கி, ஆற்றோரமாகத் தொர்த்தோசா நகரத்துக்குப் போய்ச் சேரும். ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பெரும்பாலும் இறக்கம். காலையில் ஒரு வானில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போய், பின்னேரம் வரைக்கும் உருண்டு வரலாம். வழியில் சுரங்கங்கள், ஆழமான பள்ளத்தாக்குகளுக்கு மேலே பாலங்கள், குளிக்க ஒரு வெந்நீர் ஊற்று.

நாங்கள் அங்கே போனதில்லை. எங்கட கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா எடுக்கிற கதையை இன்னொரு நாளைக்கு வைப்போம். ஆனால் ஒரு பாதையைப் பற்றிப் பேச அதில் ஓடியிருக்கவேண்டும் என்றால், அதில் ஓடினவர்கள் அதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்றும் கேட்கவேண்டி வரும்.

முதலில் அந்த இறக்கத்தை யோசியுங்கள். மலைநாட்டுக்குள் இவ்வளவு மெதுவான சரிவு எப்படி வந்தது? கால் நோகாமல் 50 கிலோமீற்றர் ஓட யார் வழிசெய்தது? அது ரயில் பாதை. ரயிலுக்குத்தான் அப்படிப்பட்ட சரிவு தேவை.

வால் டி சஃபான் பாதை என்று அதற்குப் பெயர். கடலில்லாத அரகொன் பிரதேசத்தைக் கடலோடு இணைப்பது 19ஆம் நூற்றாண்டின் கனவு. 1895 இல் முதல் துண்டு அல்கஞிஸ் நகரம் வரைக்கும் திறந்தது. அதற்குப் பிறகு இழுபறி. உள்நாட்டுப் போர் வந்தது. 1938 இல், போர்முனைக்கு ஆளும் சாமானும் கொண்டுபோகப் பிராங்கோவின் படை பாதையைப் பொட் வரை இழுத்தது. அந்தப் பாதை வேலையில் பிடிபட்ட குடியரசுப் போர்க்கைதிகளின் உழைப்பும் இருக்கிறது. போர் முடிந்த பிறகு, 1940களின் தொடக்கத்தில்தான் ரயில் தொர்த்தோசாவை எட்டியது. கடைசியில் போய்ச் சேரவேண்டிய துறைமுகத்துக்கு அது போகவே இல்லை. 1973 இல் ஒரு சுரங்கம் இடிந்ததைக் காரணமாகச் சொல்லி மூடிவிட்டார்கள், திருப்பித் திறக்கவில்லை. அரை நூற்றாண்டு கட்டின பாதையில் முப்பது வருடம் ரயில் ஓடியிருக்கிறது. இன்றைக்குத் தெர்ரா அல்தாவில் அந்தப் பாதையின் ஒரு ரயில் நிலையமும் இயங்கவில்லை.

இருபது வருடத்துக்குப் பிறகு, 1993 இல், கைவிட்ட ரயில் பாதைகளைச் சைக்கிள் பாதைகளாக்கும் திட்டத்தை ஸ்பெயின் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீற்றருக்கும் மேல் இருக்கின்றன. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்த 3,000 கிலோமீற்றரை இன்னொரு மாதிரியும் வாசிக்கலாம்: அவ்வளவு தூரத்துக்கு ரயில் இல்லாமல் போயிருக்கிறது. ரயில் போன ஊர்களின் பட்டியலும் பசும்பாதை வந்த ஊர்களின் பட்டியலும் ஒன்றுதான். அந்தப் பாதைகளில் பெரும்பாலானவை ஒரு மூடுவிழாவின் நினைவுச்சின்னம். நாங்கள் அதில் படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

தண்டவாளம் இல்லாமல் போன காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே ரயில் நின்ற ஊர் என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. முதலில் ரயில் நிற்கும். பிறகு தபால் பிந்தும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள். பிறகு ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து "ஆகா, என்ன அமைதி" என்பார்.

இனி அந்த அமைதிக்கு வருவோம்.

பொட் ஊரிலிருந்து பாதையை விட்டு வடக்கே ஏறி, கந்தேசா நகரைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் கோர்பேரா டி எப்ரே வரும். இரண்டு கோர்பேராக்கள் இருக்கின்றன. கீழே வீதியோரத்தில் ஆட்கள் இருக்கிற ஊர். மேலே குன்றில் கூரையில்லாத சுவர்கள், ஒரு சிதைந்த தேவாலயம். 1938 யூலை 25 இரவு குடியரசுப் படைகள் படகுகளில் எப்ரோவைக் கடந்தன. நவம்பர் 16 இல் மிஞ்சினவர்கள் திரும்பிக் கடந்தார்கள். 115 நாள். ஸ்பானிய உள்நாட்டுப் போரின் மிக நீண்ட சண்டை இதுதான். இருபக்கமும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். மேல் கோர்பேரா குண்டுவீச்சிலும் எறிகணையிலும் போனது. போருக்குப் பிறகு சனம் கீழே புது ஊரைக் கட்டியது. மேலே கிடப்பதை இப்போது இடிந்தது இடிந்தபடியே பாதுகாக்கிறார்கள்.

அந்தச் சண்டைக்குக் குடியரசு தரப்பில் கூப்பிடப்பட்டவர்களில் 1920, 1921 இல் பிறந்த பெடியள் இருந்தார்கள். 17, 18 வயது. "பால்போத்தல் அணி" என்று அவர்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இதை வாசிக்கிற உங்களில் பலரைவிட அவர்கள் வயதில் குறைந்தவர்கள். அந்த மேட்டுநிலத்தில் உழும்போது இன்றைக்கும் எலும்பும் எறிகணைத் துண்டும் வருகிறது. வந்த எலும்புகளை வைக்கக் கம்போசினெஸ் மலைத்தொடரில் ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள்.

"யாருமே இல்லை" என்கிறீர்களே. இருக்கிறார்கள், நிலத்துக்குக் கீழே.

அந்த ஊர்க்காரர் இதை ஒளிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கோர்பேராவில் அந்த 115 நாளின் பெயரிலேயே ஒரு கண்காட்சி நிலையம் இருக்கிறது. பதுங்குகுழிகளைத் துப்பரவாக்கிப் பலகை போட்டிருக்கிறார்கள். காட்டத் தயாராக இருக்கிறார்கள். பார்க்காமல் உருண்டு போவது பயணிதான். ஓர்தாவைப் பற்றிச் சொல்லும்போது, பிக்காசோ 1898 இலும் 1909 இலும் அங்கே தங்கினார் என்று மறக்காமல் சொல்லுவார்கள். தாங்கள் உருளுகிற பாதையில் கைதிகள் வேலை செய்ததைச் சொல்லுகிற ஆளைக் காண்பது அரிது. இரண்டும் ஒரே பாதையின் கதை. ஒன்று விற்கும், மற்றது விற்காது.

அடுத்தது தண்ணீர். ஆற்றை எதிர்த்து மேலே போனால், அரகொன் எல்லையில் ஆறு திடீரென்று ஏரியாகிவிடும். மலைகளுக்கு நடுவே நீலமாக, அலையில்லாமல். கரையோரமாகச் சைக்கிள் ஓட அருமையான இடம் என்பார்கள். தண்ணீருக்கு நடுவில் ஒரு கோபுரம் நிற்கும். அழகான படம் வரும்.

அது பயோன் ஊரின் தேவாலயக் கோபுரம். 1960களில், பிராங்கோ ஆட்சியின்போது, எப்ரோவில் மின்சாரத்துக்காக அடுத்தடுத்து இரண்டு பெரிய அணைகள் எழுந்தன: மெகினென்சா, ரிபா ரோஜா. ரிபா ரோஜாவின் நீர் 1967 இல் பழைய பயோனை மூடியது. மேலே மெகினென்சா நகரமும் இதே நீரால்தான் போனது. பக்கத்தில் தன் பெயரைத் தாங்கிய அணை இருக்க, கீழேயுள்ள அணையின் தண்ணீரால் மூழ்கிய நகரம் அது. நிலக்கரி தோண்டினவர்களும், அதைப் படகில் ஆற்றோடு ஏற்றி இறக்கினவர்களும் இருந்த இடம். அணை வந்ததோடு படகோட்டிகளின் வழி அடைபட்டது. வீடுகளை விட்டு, சற்றுத் தள்ளிக் கட்டின புது ஊருக்குப் போனார்கள். அங்கே பிறந்த ஹெசூஸ் மொன்கடா என்ற எழுத்தாளர் 1988 இல் தன் நகரத்தின் அழிவை ஒரு நாவலாக்கினார். "காமி டி சீர்கா" என்று பெயர்: கரையில் நின்று படகைக் கயிற்றால் இழுத்துப் போகிற ஒற்றையடிப் பாதை. கரைப்பாதை என்றால் அந்த ஊருக்கு அதுதான், தோளில் கயிறு. இன்றைக்கு அதே கரையில் நடைப்பாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் அடையாளம் கீறியிருக்கிறார்கள்.

அந்த மின்சாரம் எங்கே போனது? பெரிய நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும். கீழே இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஃபிளிக்ஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே இரசாயனத் தொழிற்சாலை, அதன் நஞ்சுச் சேறு வருடக்கணக்காக ஆற்றின் அடியில் கிடந்தது. அடுத்து ஆஸ்கோ, 1980களிலிருந்து இரண்டு அணு உலைகள். மேட்டில் ஏறினால் காற்றாலை வரிசைகள். 740 சதுர கிலோமீற்றர் தெர்ரா அல்தாவில் இப்போது பன்னிரண்டாயிரம் பேர்கூட இல்லை. ஆட்கள் குறைந்த இடம் என்றபடியால் அங்கே எதையும் வைக்கலாம். எதையும் வைக்கிற இடம் என்றபடியால் ஆட்கள் இன்னும் குறைகிறார்கள். கடைசியாக வந்தவர்கள் சைக்கிள்காரர்கள்.

இப்போது எதிர்வாதம் வரும். எங்கட வட்டத்துக்குள்ளேயே வந்தது. "மச்சான், பாதை இல்லையென்றால் அந்தச் சுரங்கங்களில் வௌவால்தான் இருக்கும். இப்போது பழைய நிலையம் ஒன்றில் கோப்பி விற்கிறான், இன்னொருத்தன் சைக்கிள் வாடகைக்குக் குடுக்கிறான். காசு வருகிறது. அதுக்குமா குறை?"

காசு வருவது உண்மை, அது குறையல்ல. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். ரயில், பொட் ஊரில் இருக்கிற ஒரு பிள்ளை தொர்த்தோசாவில் படித்துவிட்டு இரவு வீட்டுக்கு வர உதவும். ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிக்கு உதவும். பசும்பாதை, வெளியூரிலிருந்து வருகிற ஆள் ஒரு நாள் உருண்டுவிட்டுத் திரும்பிப் போக உதவும். முதலாவது அங்கே இருப்பவருக்கு, இரண்டாவது வருபவருக்கு. இரண்டும் இருக்கலாம். ஆனால் ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறந்து, "கிராமத்துக்கு உயிர் கொடுத்தோம்" என்று அரசு சொன்னால், அதை நம்பி நாங்கள் ஏன் கை தட்டவேண்டும்?

இரண்டாவது எதிர்வாதம்: "ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நின்று அழச் சொல்லுகிறீர்களா? சைக்கிள் ஓடுவது சுதந்திரம். அதைத் தன்னும் விடுங்கோ."

அழச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஓடுங்கள். பினெல் டி பிராயில் நின்று, 1922 இல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் கட்டின வைன் கூடத்தைப் பாருங்கள். செசார் மார்ட்டினெல் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த வளைவுகள் அவை. "வைன் பேராலயம்" என்று சொல்லுகிறார்கள். அதைக் கட்டினவர்கள் ஏழை விவசாயிகள் என்று தெரிந்தால் அழகு குறையுமா? கூடும். எதிலிருந்து சுதந்திரம் என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தெரிந்துகொள்வதிலிருந்தா?

இந்தச் சண்டைக்கான சொல்லை ஸ்பெயின் கிராமத்துச் சனமே தந்திருக்கிறது. 2016 இல் செர்ஹியோ டெல் மோலினோ என்ற எழுத்தாளர் ஆட்களில்லாத உள்நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். "லா எஸ்பாஞா வசியா", அதாவது வெறுமையான ஸ்பெயின். அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் புகுந்தது. ஆனால் 2019 மார்ச் 31 இல் கிராமங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக மட்ரிட்டுக்கு வந்து ஊர்வலம் போனவர்கள் அந்தச் சொல்லில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். "வசியா" இல்லை, "வசியாதா". வெறுமையான இல்லை, வெறுமையாக்கப்பட்ட. இலக்கண வகுப்பில் நாங்கள் தூங்கி வழிகிற செயப்பாட்டுவினை அங்கே அரசியலாகியிருக்கிறது. வெறுமையான ஊருக்குப் பின்னால் யாருமில்லை, அது இயற்கை. வெறுமையாக்கப்பட்ட ஊருக்குப் பின்னால் ஒரு எழுவாய் இருக்கிறது. யார் ஆக்கினது? வால் டி சஃபான் பாதை தொடங்குகிற தெருவேல் மாகாணத்தில், "தெருவேலும் இருக்கிறது" என்று சொல்ல 1999 இல் ஓர் இயக்கம் தொடங்கி, 2019 இல் நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனமும் எடுத்தது. இருக்கிறோம் என்று சொல்லவே இருபது வருடம்.

எப்ரோக் கரைச் சனம் வெறும் காட்சிப்பொருள் அல்ல என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2001 இல் அஸ்னார் அரசு கொண்டுவந்த தேசிய நீர்த்திட்டம், எப்ரோவிலிருந்து வருடத்துக்கு 1,050 மில்லியன் கனமீற்றர் தண்ணீரை மத்தியதரைக் கரையின் மற்றப் பிரதேசங்களுக்குக் கொண்டுபோக இருந்தது. கழிமுகத்துச் சனம் எழும்பியது. முடிச்சுப் போட்ட குழாயைச் சின்னமாக வைத்தார்கள், புருசெல்ஸ் வரை போனார்கள். 2004 இல் அடுத்த அரசு அந்த மாற்றுத் திட்டத்தைக் கைவிட்டது. இன்றைக்கு நீங்கள் ஓடுகிற கரையில் ஆறு ஓடுகிறது என்றால் அவர்களுக்கும் அதில் பங்கிருக்கிறது. அந்த முடிச்சுக் குழாய் இப்பவும் சுவர்களில் இருக்கும். பார்த்தால் விளங்கவேண்டும்.

அவர்கள் வென்றும் கழிமுகம் தேய்கிறது. மேலே உள்ள அணைகள் வண்டலில் 90 சதவீதத்துக்கும் மேல் மறித்து வைத்திருக்கின்றன. மண் வராத கழிமுகத்தைக் கடல் தின்னும். 2020 ஜனவரியில் குளோரியா புயல் வந்தபோது ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் வயலுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது. சைக்கிள் வழிகாட்டிகள் கழிமுகத்தைத் "தட்டையானது, குடும்பத்தோடு ஓட இலகு" என்று எழுதும். தட்டைதான். அதுதான் அவர்களின் பயம்.

பயணத்தின் முடிவில் தொர்த்தோசா. ஆற்றின் நடுவில், போரில் உடைந்த பாலத்தின் தூணில், உயரமாக ஓர் இரும்புச் சின்னம். எப்ரோ வெற்றிக்காக 1966 இல் பிராங்கோவே வந்து திறந்து வைத்தது. அதே பத்தாண்டில்தான் மேலே ஊர்கள் மூழ்கின. 2016 இல் நகரம் வாக்கெடுப்பு வைத்தது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சின்னம் இருக்கட்டும், விளக்கம் சேர்ப்போம் என்றார்கள். நாங்கள் அந்த முடிவோடு உடன்படவில்லை. வென்றவனின் கம்பத்தைத் தோற்றவனின் ஆற்றில் வைத்துக்கொண்டு எழுதுகிற விளக்கம் எவ்வளவு பெரிய எழுத்திலும் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் குறைந்தது அந்த நகரம் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறது. சைக்கிளைச் சாத்திவிட்டு அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறவருக்கு அந்தச் சண்டையும் தெரியாது.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. பயணம் எழுதுகிறவர்களே, காணொளி போடுகிறவர்களே, நாளைக்கு எழுதப்போகிற எங்கட ஆட்களே: ஒரு பாதையைப் பரிந்துரைக்கும்போது தூரம், ஏற்றம், தண்ணீர் கிடைக்கும் இடம் எல்லாம் எழுதுகிறீர்கள். அதோடு இன்னும் மூன்றே மூன்று எழுதுங்கள். இந்தப் பாதையை யார் வெட்டினார்கள்? இங்கே கடைசி ரயில் எப்போது போனது? இங்கே இருந்தவர்கள் எதற்காகப் போனார்கள்? மூன்று வரி. ஒரு சுரங்கத்தைக் கடக்கிற நேரத்தில் வாசித்துவிடலாம்.

அதற்குப் பிறகும் "யாருமே இல்லை, என்ன அமைதி" என்று உங்களுக்குச் சொல்ல வந்தால், சொல்லுங்கள். ஆனால் அந்தச் செயப்பாட்டுவினையைப் போட்டுச் சொல்லுங்கள்.